தண்ணீர் எந்த வழியாக வரும் என்று கேளுங்கள்

ஜூன் 1 பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களின் போக்கே மாறிவிடும். விசா, பள்ளிக்கூடம், பெற்றோர் வருகை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், நவம்பர் 30 வரைக்கும் ஹரிகேனைப் பற்றியே, அதாவது கடலிலிருந்து வரும் பெரும் புயலைப் பற்றியே கேட்பார்கள். நான் ஹூஸ்டனுக்கு வந்தது 1999-ல். அலிசன், ரீட்டா, ஐக், ஹார்வி, பெரில் என்று பெயர் வைத்த புயல்கள் எல்லாவற்றையும் இந்த ஊரில் குடும்பத்தோடு இருந்து பார்த்திருக்கிறேன். அதனால் இந்த இதழை முழுக்க அந்தக் கேள்விகளுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: அக்கா, ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. மூன்றாவது மாடியில் அபார்ட்மெண்ட். கேட்டகரி 1, 2 என்றால் தூங்கி எழுந்துவிடலாம், 3-க்கு மேல் வந்தால்தான் பார்க்க வேண்டும் என்று ஆபீஸில் சொல்கிறார்கள். சரிதானா?
— வாசகர், ஹூஸ்டன்

பதில்: சரியில்லை தம்பி. இந்த ஒரு நம்பிக்கையால் இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்கள் அடிபட்டிருக்கின்றன.

அந்த எண் காற்றை மட்டும்தான் அளக்கிறது. மணிக்கு 74 மைல் வேகம் வந்தால் 1, 111 மைல் வந்தால் 3, 157 மைல் வந்தால் 5. எவ்வளவு மழை கொட்டும், கடல் எவ்வளவு ஏறும், புயல் நகர்ந்து போகுமா, ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளுமா என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. ஆனால் அமெரிக்காவில் ஹரிகேன்களில் இறந்தவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது காற்று இல்லை, தண்ணீர்.

2001 ஜூனில் வந்த அலிசனுக்குக் கேட்டகரியே கிடையாது. அது ஹரிகேன் அளவுக்கு வளரவே இல்லை, வெறும் வெப்பமண்டலப் புயல். அதுதான் மெடிக்கல் சென்டர் மருத்துவமனைகளின் அடித்தளங்களை மூழ்கடித்தது. மின்சாரம் போய், நோயாளிகளைப் படிக்கட்டு வழியாகத் தூக்கி இறக்கினார்கள். டவுன்டவுனில் ஓர் உயரமான கட்டடத்தில், லிஃப்டில் அடித்தளத்துக்கு இறங்கிய ஒரு பெண் தண்ணீரில் மாட்டி இறந்துபோனார். 2008 செப்டம்பர் 13 அன்று கால்வெஸ்டனில் கரையேறிய ஐக், கேட்டகரி 2. பொலிவர் தீபகற்பத்தில் கடல் 15 அடிக்கும் மேல் ஏறி, வரிசை வரிசையாக வீடுகளைத் துடைத்துக்கொண்டு போனது. 2017-ல் ஹார்வி கேட்டகரி 4 ஆக ராக்போர்ட் அருகே கரையேறியது உண்மைதான். ஆனால் அது ஹூஸ்டனை மூழ்கடித்தபோது வெப்பமண்டலப் புயலாக இறங்கிப்போயிருந்தது. நான்கு நாள் நகராமல் கொட்டியது. நெடர்லாண்டில் அளந்த மழை 60 அங்குலத்துக்கும் மேல். அது ஐந்து அடி, தம்பி. என் தோள் உயரம்.

ஆகவே எத்தனையாவது கேட்டகரி என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். நான் இருக்கும் இடத்துக்குத் தண்ணீர் எந்த வழியாக வரும் என்று முதலில் கேளுங்கள். மூன்றாம் மாடிக்கு வெள்ளம் வராது. ஆனால் உங்கள் கார் எங்கே நிற்கிறது? தரைக்குக் கீழே என்றால், புயலுக்கு முந்தின நாளே மேல் தளத்துக்கு ஏற்றிவிடுங்கள். அப்புறம் மழை தொடங்கியபின் காரை எடுக்க லிஃப்டில் இறங்காதீர்கள். கார் போனால் போகட்டும்.

மின்சாரம் போனால் மாடிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரும் நின்றுபோகலாம். குடிக்கவும் மற்ற அவசியத் தேவைக்கும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் என்பது இங்கே சொல்லும் கணக்கு. ஒரு வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். குளியல் தொட்டியிலும் நிரப்பிவைக்கலாம், அது டாய்லெட்டுக்கு. தொட்டியின் அடைப்பான் மெதுவாக ஒழுகும், காலையில் பார்த்தால் பாதிதான் இருக்கும். பெரிய பிளாஸ்டிக் பை ஒன்றை ஓட்டையின் மேல் விரித்து, அதன்மேல் அடைப்பானை அழுத்திவிட்டு நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் வீடு லீக் சிட்டியில். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இன்சுலின். அம்மாவுக்கு முழங்கால் வலி, அதிக நேரம் உட்கார முடியாது. புயல் வந்தால் கிளம்புவதா, வீட்டிலேயே இருப்பதா? ரீட்டா சமயத்தில் ரோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் கதையைக் கேட்டதிலிருந்து கிளம்பவே பயமாக இருக்கிறது அக்கா. அப்பா வேறு, "நாங்க பாக்காத புயலா?" என்கிறார்.
— வாசகி, லீக் சிட்டி

பதில்: அந்த ரோட்டில் நானும் நின்றேன் அம்மா. அதனால் இதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2005 செப்டம்பர் 22. கத்ரீனா நியூ ஆர்லியன்ஸை அழித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. டிவியில் அந்தக் கூரைகளின் மேல் நின்ற மனிதர்களைப் பார்த்துவிட்டு, ரீட்டா வருகிறது என்றதும் ஊரே கிளம்பிவிட்டது. ஏறக்குறைய 25 லட்சம் பேர். நாங்களும் என் ஆறு வயது மகனோடு டல்லாஸ் நோக்கி ஐ-45 நெடுஞ்சாலையில் ஏறினோம். ஹண்ட்ஸ்வில் எழுபது மைல். சாதாரண நாளில் ஒன்றேகால் மணி நேரம். எங்களுக்குப் பதினேழு மணி நேரம் ஆனது.

பெட்ரோல் தீர்ந்துவிடும் என்று ஏசியை அணைத்துவிட்டோம். வெயில் நூறு டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்தது. மகனின் முகம் சிவந்து, வேர்ப்பது நின்றுபோனபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. கான்ரோவைத் தாண்டும்போது, ஒரு பெரியவர் தன் வீட்டுத் தோட்டக் குழாயை ரோட்டோரம் வரை இழுத்துவந்து, நகராமல் நின்ற கார்களின் பாட்டில்களில் தண்ணீர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மகனின் தலையில் அவரே ஊற்றினார். அந்த ரப்பர் வாசனை அடித்த வெந்நீரை இன்னும் நான் மறக்கவில்லை. அந்த வெளியேற்றத்தில் மட்டும் ஏறக்குறைய நூறு பேர் இறந்தார்கள். அவர்களில் 23 பேர், முதியோர் இல்லத்திலிருந்து அழைத்துப்போன பேருந்து டல்லாஸுக்குத் தெற்கே தீப்பிடித்ததில் போனவர்கள்.

கடைசியில் ரீட்டா கிழக்கே திரும்பி, டெக்சஸ்-லூசியானா எல்லையில் கரையேறியது. நாங்கள் இருந்த மேற்கு ஹூஸ்டனில் கிளைகள்தான் ஒடிந்தன. எங்களை யாரும் கிளம்பச் சொல்லவே இல்லை. கிளம்பியே ஆக வேண்டியவர்கள் கடற்கரைக்காரர்கள், உங்களைப் போன்றவர்கள். அவர்களுடைய வழியை அடைத்துக்கொண்டு முன்னால் நின்றது நாங்கள். இதை நினைத்தால் இப்போதும் மனசு உறுத்துகிறது.

அதற்கப்புறம்தான் இங்கே பாடம் கற்றார்கள். இப்போது கடலோரத்து ஜிப் கோடுகளை, அதாவது அஞ்சல் குறியீட்டு எண்களை, கோஸ்டல், ஏ, பி, சி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். எந்தப் பகுதி கிளம்ப வேண்டும் என்று எழுத்தைச் சொல்லித்தான் அறிவிப்பு வரும். உங்கள் வீடு எந்த எழுத்தில் வருகிறது என்று இன்றைக்கே பார்த்து, குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள். அந்த எழுத்தைச் சொல்லிக் கூப்பிட்டால் பேச்சே கிடையாது, கிளம்பிவிட வேண்டும். லீக் சிட்டி, கிளியர் லேக் பக்கம் எல்லாம் கால்வெஸ்டன் வளைகுடாவின் தண்ணீர் ஓடைகள் வழியாக ஊருக்குள் ஏறிவரும் இடம். "காற்றுக்கு ஒளிந்துகொள், தண்ணீரைக் கண்டால் ஓடு" என்று இங்கே பேரிடர்க்காரர்கள் சொல்வார்கள். உங்களுடையது ஓட வேண்டிய இடம்.

ஆனால் டல்லாஸுக்கு ஓட வேண்டாம். நாங்கள் செய்த தப்பு அதுதான். கடல் ஏறாத இடத்துக்குப் போனால் போதும், முப்பது நாற்பது மைலே பல நேரம் போதுமானது. கடலிலிருந்து தள்ளி இருக்கும் கேட்டியிலோ சைப்ரஸிலோ உங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இருக்கும். வீடு மேடான இடத்தில்தானா என்று பார்த்துவிட்டு, சீசன் தொடங்கும்போதே அவர்களிடம் வாய்விட்டுக் கேட்டு வையுங்கள். நம் ஆட்கள் கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டார்கள், நாம்தான் கேட்கக் கூச்சப்படுவோம். எங்கள் வீட்டில் ஐக் வந்தபோது கிளியர் லேக்கிலிருந்து வந்த இரண்டு குடும்பங்கள் ஐந்து நாள் தங்கினார்கள். ஹாலில் வரிசையாகப் படுத்தோம்.

வயதானவர்களோடு கிளம்புகிறவர்களுக்கு நேரம் முக்கியம். பலத்த காற்று வருவதற்குச் சுமார் 48 மணி நேரம் முன்னால் 'வாட்ச்' விடுவார்கள், புயல் வரலாம் என்று அர்த்தம். 36 மணி நேரம் முன்னால் 'வார்னிங்', வரப்போகிறது என்று அர்த்தம். மற்றவர்கள் வார்னிங் வரட்டும் என்று இருக்கலாம். உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு நெரிசல் தாங்காது. வாட்ச் வந்த அன்றே, பகல் வெளிச்சத்தில், அரை டேங்குக்குக் குறையாத பெட்ரோலோடு கிளம்பிவிடுங்கள். கார் ஓட்ட ஆளில்லாத முதியவர்கள் யாராவது உங்களுக்குத் தெரிந்து இருந்தால், 2-1-1 என்ற எண்ணில் கூப்பிட்டு முன்கூட்டியே பதிந்துவைக்கச் சொல்லுங்கள்.

இன்சுலினை ஐஸ் பெட்டியில் வைக்கும்போது ஒரு துண்டில் சுற்றி வையுங்கள். ஐஸ் நேராகத் தொட்டு உறைந்துபோனால் அந்த மருந்து அப்புறம் பயன்படாது. அப்பா, அம்மாவின் பாஸ்போர்ட், உங்கள் விசா ஒப்புதல் கடிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் ஜிப் போட்ட பையில் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

அப்பா விஷயம். அவரோடு வாதம் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கால்வெஸ்டனுக்கு அழைத்துப்போய் அந்தக் கடல் சுவரின் மேல் நடக்க வையுங்கள். 17 அடி உயரம். 1900-ல் வந்த ஹரிகேனில் குறைந்தது 6,000 பேர் அந்த ஒரு தீவில் இறந்தபின் கட்டியது அது. எதற்காகக் கட்டினார்கள் என்று மட்டும் சொல்லுங்கள், போதும். என் மாமனார் சுவருக்குக் கீழே இறங்கி நின்று, அண்ணாந்து பார்த்துவிட்டு, காரில் ஏறும்வரை ஒன்றும் பேசவில்லை. அதற்கடுத்த மாதம் வாட்ச் வந்தபோது எனக்கு முன்னால் அவர் பெட்டி கட்டியிருந்தார்.

கேள்வி: ஜன்னல்களுக்கு எக்ஸ் வடிவில் டேப் ஒட்டினால் கண்ணாடி உடையாதாமே?
— வாசகி, சுகர் லேண்ட்

பதில்: உடையும். டேப் ஒட்டியிருந்தால் பெரிய பெரிய துண்டாக உடைந்து வரும், அது இன்னும் ஆபத்து. அந்த நேரத்தில் கொல்லையில் இருக்கும் துளசித்தொட்டி, நாற்காலி, குழந்தையின் சைக்கிள் எல்லாவற்றையும் உள்ளே எடுத்துவையுங்கள், காற்றில் ஜன்னலை உடைப்பது அவைதான். பலகை அடிப்பதென்றால் எட்டில் ஐந்து பங்கு அங்குல ப்ளைவுட், சீசனுக்கு முன்பே அளந்து வெட்டி, எந்த ஜன்னலுக்கு எது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். புயல் வருகிறது என்றபின் கடையில் பலகை கிடைக்காது.

கேள்வி: பெரிலின்போது எங்களுக்கு ஆறு நாள் கரண்ட் இல்லை. ஃப்ரீசரில் இருந்தது எல்லாம் போய்விட்டது. இந்த வருடம் ஜெனரேட்டர் வாங்கலாம் என்று இருக்கிறோம். எங்கே வைப்பது? கராஜில் வைத்துக் கதவைத் திறந்துவிட்டால் போதுமா?
— வாசகர், பேர்லேண்ட்

பதில்: போதாது, போதவே போதாது. கராஜ் வேண்டாம், வராந்தா வேண்டாம், ஜன்னலோரம் வேண்டாம். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. தலை வலிக்கிறது, தூக்கம் வருகிறது என்று படுப்பவர்கள் எழுந்திருக்கமாட்டார்கள். ஒவ்வொரு புயலுக்கு அப்புறமும் இப்படிக் குடும்பங்கள் போகின்றன. ஜெனரேட்டர் வாங்கும் அன்றே, பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் பற்றவைப்பதும் இதே ஆபத்துதான்.

பெரில் 2024 ஜூலை 8, திங்கட்கிழமை விடிகாலையில் வந்தது. அதற்கு முந்தின வாரம் மெக்சிகோ பக்கம் போகும் என்றுதான் கணித்திருந்தார்கள். ஜூலை 4 விடுமுறை, ஊர் முழுக்கப் பார்ட்டி. வார இறுதிக்குள், புயலின் பாதையைக் காட்டும் வரைபடத்துக் கூம்பு நம் பக்கம் திரும்பிவிட்டது. அந்தக் கூம்பைப் பற்றி ஒரு வார்த்தை: புயலின் நடுப்புள்ளி எங்கே போகலாம் என்பதை மட்டும்தான் அது காட்டுகிறது. அதுகூட மூன்றில் இரண்டு பங்கு நேரம்தான் கூம்புக்குள் இருக்கும். கூம்புக்கு வெளியே இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பெரில் வெறும் கேட்டகரி 1 தான். ஆனாலும் 22 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் மின்சாரம் போனது. புயல் அரை நாளில் போய்விட்டது, அதற்குப் பின்னால் வந்த வெக்கைதான் ஆட்களைச் சாய்த்தது. எங்கள் வீட்டுக்குள் 93 டிகிரி காட்டியது. ஆகவே ஜெனரேட்டர் வாங்கும்போது ஃப்ரீசரை நினைத்து வாங்காதீர்கள், ஒரே ஒரு அறைக்குச் சின்ன ஜன்னல் ஏசி ஓடுமா என்று பார்த்து வாங்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லாரும், முக்கியமாகப் பெரியவர்களும் குழந்தைகளும், இரவு அந்த அறையில் படுக்கட்டும்.

ஃப்ரீசர் நிறைய இருந்தால், திறக்காமல் வைத்தால் 48 மணி நேரம் தாங்கும். பாதிதான் இருந்தால் 24. கீழே ஃப்ரிட்ஜ் நான்கு மணி நேரம், அவ்வளவுதான். ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு காசை வைத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு அடியில் கிடந்தால் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். வார்னிங் வந்த அன்று மாவு அரைக்காதீர்கள். இருக்கும் மாவை அன்றிரவே இட்லியாக ஊற்றிவிடுங்கள். புளிக்காய்ச்சல், அவல், பொரி, ஊறுகாய், பருப்புப்பொடி — நம் சமையலில் ஃப்ரிட்ஜ் கேட்காத சாமான் எவ்வளவோ இருக்கிறது.

இன்னொன்று. கரண்ட் இல்லையென்றால் கராஜ் கதவு பொத்தானுக்குத் திறக்காது. மேலே மோட்டாரிலிருந்து ஒரு சிவப்புக் கைப்பிடி கயிற்றில் தொங்கும். அதைக் கீழே இழுத்துவிட்டுக் கதவைக் கையால் தூக்க வேண்டும். இந்த வாரமே ஒரு தடவை வீட்டில் எல்லாரும் செய்து பாருங்கள்.

கேள்வி: எங்கள் வீடு வெள்ள அபாயப் பகுதியில் இல்லை என்று வீடு வாங்கும்போதே சொல்லிவிட்டார்கள். வெள்ளக் காப்பீடு எடுக்க வேண்டுமா? புயல் வருகிறது என்று தெரிந்தபின் எடுத்துக்கொள்ளலாமா?
— வாசகர், கேட்டி

பதில்: எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதை நம்பி எடுக்காமல் விட்டேன்.

ஹார்வியின்போது மழை நின்றுவிட்டது, தப்பித்தோம் என்று நினைத்தோம். ஆடிக்ஸ், பார்க்கர் நீர்த்தேக்கங்கள் நிரம்பி, அணைகளைக் காப்பாற்றத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் வாசல் வழியாக வரவில்லை. முதலில் குளியலறை வடிகாலில் கொளக் கொளக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஹாலில் கார்ப்பெட்டின் ஓரத்தில், சுவரை ஒட்டி ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்புக் கோடு. கை வைத்துப் பார்த்தால் ஈரம். ஒரு மணி நேரத்தில் கணுக்கால், இருட்டுவதற்குள் முழங்கால். பக்கத்துத் தெருக்காரர் மீன்பிடிப் படகில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். வீட்டுக் காப்பீட்டுக்காரர்களைக் கூப்பிட்டால், கூரை வழியாக வந்த மழைக்குத்தான் பணம், தரையில் வந்த வெள்ளத்துக்குக் கிடையாது என்றார்கள். சாதாரண வீட்டுக் காப்பீடு எல்லாமே அப்படித்தான்.

வெள்ளக் காப்பீடு தனி. அரசுத் திட்டத்தில் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரை, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை எடுக்கலாம். பொருளுக்குத் தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். வாடகைக்கு இருப்பவர்களும் பொருளுக்கு எடுக்கலாம். எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அது செல்லும். புயல் மெக்சிகோ வளைகுடாவுக்குள் நுழைந்துவிட்டால் கரைக்கு வர இரண்டு மூன்று நாள் போதும். அதனால் இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஃபோனை எடுங்கள்.

கேள்வி: என் மகளும் மருமகனும் ஹூஸ்டனில் இருக்கிறார்கள். போன வருடம் புயலின்போது இரண்டு நாள் ஃபோன் கிடைக்கவில்லை. டிவியில் பார்த்த காட்சிகளால் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இங்கே இருந்துகொண்டு நான் என்னதான் செய்ய முடியும்?
— ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, உங்களால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. அதைப் புயல் வருவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

செல்போன் கோபுரங்கள் திணறும்போது பேச்சு போகாது, ஆனால் குறுஞ்செய்தி எப்படியாவது நுழைந்து வந்துவிடும். மகளிடம் இப்போதே பேசி ஒரு நேரம் வையுங்கள். ஹூஸ்டனில் காலை எட்டு மணி, உங்களுக்கு மாலை ஆறரை. அந்த நேரத்துக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு ஃபோனை அணைத்துவிடட்டும். இடையில் நீங்கள் கூப்பிடாதீர்கள். நீங்களும் சித்தியும் பெரியப்பாவும் மாறி மாறிக் கூப்பிட்டால், சார்ஜ் போட வழியில்லாத ஃபோன் மதியத்துக்குள் செத்துவிடும். அமெரிக்காவிலேயே வேறு மாநிலத்தில், நியூஜெர்ஸியிலோ கலிஃபோர்னியாவிலோ உறவுக்காரர் யாராவது இருந்தால், அவர் ஒருவரே இரண்டு பக்கமும் செய்தி சொல்லும் ஆளாக இருக்கட்டும். மற்றவர்கள் எல்லாம் அவரைக் கேட்கட்டும்.

ஹார்வியில் படகிலிருந்து இறங்கி ஒரு பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபோது, என் ஃபோனில் நான்கு சதவீதம்தான் இருந்தது. ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் அம்மாவுக்குத் தட்டினேன்: "மூணு பேரும் பத்திரமா இருக்கோம். வீட்ல தண்ணி. நாளைக்கு ஆறரைக்கு."

மறுநாள் ஆறரைக்கு முன்பே அம்மா ஃபோனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்துவீட்டில் ஒரு சார்ஜர் இரவல் வாங்கி வைத்திருந்தாராம், தன் ஃபோன் அணைந்துவிடக் கூடாது என்று.